திரும்பும் டிக்கெட்டோடு போகிற டீச்சருக்கு

தான்சானியாவின் மொரோகோரோ பகுதியில், உலுகுரு மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 11 மாதம் ஆங்கிலம் நடத்தினேன். சம்பளம் கிடையாது. தங்க ஓர் அறை, மாதச் செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். திரும்பி வந்ததிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்: "நானும் போகலாம்னு இருக்கேன், என்ன செய்யணும்?" விசா, தடுப்பூசி, பெட்டியில் என்ன எடுத்து வைப்பது என்றுதான் பேச்சு தொடங்கும். கொஞ்ச நேரம் கழித்து, சற்றுக் கூச்சத்தோடு உண்மைக் காரணம் வெளியே வரும். வாழ்க்கையைப் பார்க்கிற பார்வை மாறவேண்டும் என்ற ஆசை. எனக்கும் அதே ஆசைதான் இருந்தது.

அது தானாக நடக்காது. போகும்போது இருந்த எண்ணங்கள் இன்னும் கெட்டிப்பட்டு, கூடவே ஆயிரம் போட்டோவோடு திரும்பி வருவதுதான் எளிது. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்திருப்பேன். ஆகவே இந்தக் கையேட்டில் பாதி, நான் தப்பாகச் செய்தவை.

போவதற்கு முன்

முதலில், அனுப்புகிற அமைப்பிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆசிரியர் வேண்டும் என்று கேட்டது யார்? பள்ளியா, நீங்களா? பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் முதலில் அணுகிய அமைப்பு ஒன்று, கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் அனாதை இல்லத்தில் பாடம் நடத்த அனுப்புகிறோம் என்றது. எனக்கு உள்ளம் உருகிவிட்டது. நல்லவேளை, ஒரு தோழி தடுத்தாள். பல நாடுகளில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வருகிற தன்னார்வலர்களின் பணத்துக்காகவே குழந்தைகளைச் சேர்த்து வைக்கிற இல்லங்களும் உண்டு. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதுவும் பெரிய விவாதமானது. இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுக் கிளம்புகிற அக்காக்களும் அண்ணன்களும் வந்து வந்து போனால் ஒரு குழந்தைக்கு என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். அனாதை இல்லம் வேண்டாம்.

இரண்டாவது, அனுமதி. தான்சானியாவில் தன்னார்வ வேலைக்கு 'சி' வகை வசிப்பு அனுமதி வாங்கவேண்டும். "டூரிஸ்ட் விசாவுல போங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்கிற அமைப்பு மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருக்கும். உங்களிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்காத அமைப்பும் வேண்டாம். உங்களைப் பற்றி விசாரிக்காதவர்கள் எவரைப் பற்றியும் விசாரிக்க மாட்டார்கள், குழந்தைகள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பயங்கரம்.

காலம்: ஒரு கல்வியாண்டு. அங்கே ஜனவரியில் பள்ளி தொடங்கும். ஒரு பருவத்துக்குக் குறைவாக என்றால் பாடம் நடத்தப் போகாதீர்கள், ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், தப்பில்லை. 1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்கு உதவி செய்யப் போகவிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று. அந்த உரையைப் படித்துக் கோபப்பட்டேன். கோபம் தணியாமலேயே விமானம் ஏறினேன். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை அந்தக் கோபத்தைப் படவேண்டும்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல செருப்பு, டார்ச், கொசுவலை, மலேரியா தடுப்பு மாத்திரை. மாத்திரையைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். அன்பளிப்பாகப் புத்தகம், கிட்டார் என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 1961இல் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் என்ற தன்னார்வலர் அமைப்பு முதன்முதலில் ஆட்களை அனுப்பிய நாடுகளில், அப்போது டாங்கனிக்கா என்றிருந்த இந்த நாடும் ஒன்று. அறுபது வருடமாக விட்டுவிட்டு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறை அலமாரியில், முன்னால் வந்த யாரோ விட்டுப்போன கிட்டார் ஒன்று இரண்டு கம்பியோடு கிடந்தது. பக்கத்தில், பனிமனிதன் செய்வதைப் பற்றிய ஒரே கதைப் புத்தகம் நாற்பது பிரதி.

முதல் இரண்டு வாரம் கடைசி பெஞ்சில்

அங்கே பேசும் மொழியான ஸ்வாஹிலியைப் படியுங்கள். போவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். "ஆங்கிலம் நடத்தத்தானே போறேன்" என்று நான் அலட்சியமாக இருந்தேன். முதல் வாரம் 'சா ம்பிலி'க்கு ஆசிரியர் கூட்டம் என்றார்கள். சா என்றால் மணி, ம்பிலி என்றால் இரண்டு. மதியம் இரண்டு மணிக்குப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன். கூட்டம் காலை எட்டு மணிக்கே நடந்து முடிந்திருந்தது. அங்கே மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், காலை ஏழுதான் முதல் மணி. நாம் சொல்லும் நேரத்திலிருந்து ஆறைக் கழித்துக்கொள்ளவேண்டும். எண் புரிந்தது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்பது புரியவில்லை. அந்த வருடம் முழுக்க நான் செய்த தவறுகளில் பாதி இந்த ரகம்.

வந்ததும் வகுப்பை எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார அனுமதி கேளுங்கள். நான் கேட்கவில்லை. மூன்றாம் நாளே சாக்பீஸைப் பிடித்தேன். எதிரே 72 பிள்ளைகள். நான் என்ன கேட்டாலும் மௌனம். பலவீனமான பிள்ளைகள் என்று என் நோட்டில் எழுதியும் வைத்தேன், அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. நடந்தது இதுதான்: நான் இருந்தபோது அரசுப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலம் தவிர எல்லாப் பாடமும் ஸ்வாஹிலியில். மேல்நிலைப் பள்ளியில் முதல் நாளிலிருந்து ஸ்வாஹிலிப் பாடம் தவிர எல்லாம் ஆங்கிலத்தில். ஒரே டிசம்பரில் வகுப்பறையின் மொழி மாறிவிடுகிறது. ஸ்வாஹிலியில் ஒளிச்சேர்க்கையைத் தெளிவாக விளக்குகிற பெண், ஆங்கிலத்தில் தன் பெயரைத் தாண்டிப் பேசத் தயங்குகிறாள்.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் நான் அல்ல, உயிரியல் டீச்சர் சொன்னார். அதன்பிறகு முதலில் நான்கு நான்கு பேராக ஸ்வாஹிலியில் பேசவிட்டேன், பிறகு ஒரே ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். கூச்சல் தாங்கவில்லை. ஆனால் வாக்கியங்கள் வந்தன. என் ஆங்கிலம் என் திறமை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று வயதில் என்னை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தது நானா?

காவல்காரரின் வணக்கம்

சொகுசு என்ற சொல்லை நாம் பணத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம். நமக்குக் கிடைத்திருக்கும் மேட்டுநிலை கண்ணுக்குத் தெரிவது சின்னச் சின்ன இடங்களில். தான்சானியாவில் பெரியவர்களைப் பார்த்தால் சிறியவர்கள் 'ஷிகமோ' என்பார்கள். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பதிலிருந்து வந்த சொல் என்று விளக்கம் சொல்கிறார்கள். பெரியவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார். மாணவர்கள் எனக்குச் சொன்னார்கள், நானும் பழகிக்கொண்டேன். ஒரு நாள் பள்ளிக் காவல்காரர் எனக்கு ஷிகமோ சொன்னார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு அப்போது 29. பாடப் புத்தகத்தில் இருந்தபடி 'மரஹபா' என்றேன். ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் தேநீர்க் கோப்பையைக் குனிந்து பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வாசலிலேயே அவரைப் பிடித்து நான் முதலில் ஷிகமோ சொன்னேன். அவர் சிரித்து, மரஹபா என்று சொல்லிவிட்டு, என் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். பையைக் கொடுக்காமலிருக்க இன்னும் ஒரு வாரம் போராடவேண்டியிருந்தது. ஆகவே செய்யவேண்டியது: உங்களுக்கு யார் முதலில் வணக்கம் சொல்கிறார்கள், யார் நாற்காலி விட்டு எழுகிறார்கள், கடையில் வரிசையில் யார் உங்களை முன்னால் விடுகிறார்கள் என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். உங்கள் குணத்துக்காகவா, தோலுக்காகவா, வேலைக்காகவா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் குணத்துக்கு எதிரே வருடம் முழுவதும் மூன்று.

வெள்ளைக்காரர்களுக்குத்தானே இந்தச் சங்கடம் என்று நினைத்தால், தெருவில் பிள்ளைகள் உங்களைத் திருத்துவார்கள். என்னைப் பார்த்து 'ம்ஹிந்தி' என்று கத்துவார்கள், இந்தியர் என்று பொருள். சந்தையில் என்னை யாரோ கடைக்காரரின் மகள் என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. காலனி ஆட்சியில் வியாபாரம் பெரும்பாலும் ஆசியர்களின், அதாவது முக்கியமாக இந்திய வம்சாவளியினரின், கையில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1971இல் அன்றைய அதிபர் நியரேரேயின் அரசு வாடகைக் கட்டடங்களைத் தேசியமயமாக்கியபோது இழந்தவர்களில் பெரும்பாலோர் ஆசியர்கள், பலர் நாட்டை விட்டே போனார்கள். நான் பிறப்பதற்கு முன்பே முடிந்த கதை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்ததும் அங்கே அது நினைவுக்கு வருகிறது. போகிற நாட்டில் உங்கள் முகத்துக்கு என்ன வரலாறு என்று போகும் முன்பே படித்துவிடுங்கள். நான் போனபின் படித்தேன், இரவில், மின்சாரம் இருந்த நாட்களில்.

உன் தீனி என்ன?

'தீனி' என்றால் மதம். நமக்குக் கேட்டதும் சிரிப்பு வரும், அங்கே சிரிக்காதீர்கள். வாரத்தில் ஒரு வகுப்பு மதத்துக்கு. மாணவர்கள் அவரவர் மதப்படி பிரிந்து வெவ்வேறு அறைக்குப் போவார்கள். அந்த மணி அடித்ததும் எனக்கு மட்டும் போக இடம் இருக்காது. நான் பக்தியான வீட்டில் வளர்ந்து, கல்லூரியில் அதை உதறிவிட்டு, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தவள். "மேடம், உங்க தீனி என்ன?" என்று கேட்டபோது "எதுவும் இல்லை" என்றேன். 72 பேரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளைப் பார்ப்பதுபோல.

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். பொய் சொல்லவேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். "என் வீட்டில் இப்படி வழிபடுவார்கள், நான் இப்போது அவ்வளவாக இல்லை, உங்களுடையதைப் பார்க்க ஆசை" என்றால் போதும். நான் பிறகு அப்படித்தான் சொன்னேன். ஒரு வாரம் கத்தோலிக்கப் பிள்ளைகளின் மறைக்கல்வி அறையில் உட்காருவேன், அடுத்த வாரம் மதரஸா ஆசிரியர் வருகிற அறையில். உலுகுருவில் ஒரே குடும்பத்தில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இருப்பார்கள். அக்காள் முக்காடு, தங்கை கழுத்தில் ஜெபமாலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்பதை 1967க்குப் பிறகு அந்த நாடு விட்டுவிட்டது. நான் அதைக் கேள்விப்பட்டபோது அன்று முழுக்க வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

இங்கே நான் இரண்டு தப்பு முடிவுக்கு வந்தேன். நீங்களும் வருவீர்கள்.

முதலாவது: "இவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, ஆனா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!" வீட்டுக்கு எழுதிய முதல் மின்னஞ்சலில் இது அப்படியே இருக்கிறது. இந்த வாக்கியம் மனதில் வந்ததும் பேனாவை மூடிவிடுங்கள். விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது மரியாதை. அதை வறுமைக்குக் கிடைத்த சான்றிதழாக நாம் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் அது நமக்கு வசதி.

இரண்டாவது இன்னும் நுட்பமானது, அறிவாளித்தனமாகத் தோன்றும். ரமலான் மாதம். மதியம் வகுப்பில், பாதிப் பிள்ளைகள் நோன்பில் இருக்க, நான் யோசிக்காமல் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அன்று மாலை கணக்கு ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரும் நோன்பாளிதான், பேச்சு வளர்ந்து, நான் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்: எனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது, அதனால் கடவுள் இல்லாமல் இருக்க முடிகிறது. இங்கே வேறு துணை இல்லை, அதனால் நம்புகிறார்கள். அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினேன்.

அவர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தினார். "ஏழை என்பதால் நான் தொழுகிறேன் என்கிறீர்களா, மேடம்? எனக்குச் சம்பளம் கூடினால் விட்டுவிடுவேனா?" அவர் தார் எஸ் ஸலாம் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். என்னைவிட அதிகம் சந்தேகப்பட்டிருக்கிறார், சந்தேகத்தோடு ஐந்து வேளை எழுந்து நின்றிருக்கிறார். அவருடைய நம்பிக்கையை நான் அவருடைய சம்பளத்துக்கு அடிக்குறிப்பாக ஆக்கிவிட்டேன். ஆகவே கேளுங்கள், காரணம் கற்பிக்காதீர்கள். "ஏன் நம்புகிறீர்கள்?" என்பதைவிட "நேற்றுத் தொழுகையில் என்ன கேட்டீர்கள்?" நல்ல கேள்வி. அவர் அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன்.

மாத்திரை விஷயம்

நான் எடுத்துப்போன மலேரியா தடுப்பு மாத்திரையான டாக்ஸிசைக்ளினை தினமும் போடவேண்டும். ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடரவேண்டும். நான் ஐந்தாம் மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிட்டேன். ஜூனில் மலேரியா. காலையில் நடுக்கம், மதியத்துக்குள் அமைப்பின் கார் வந்தது, மாலைக்குள் மொரோகோரோ நகரத்தில் மருத்துவமனைக் கட்டில். மலேரியாவுக்கான ஆர்டிமீதர்-லூமிஃபாண்ட்ரின் மாத்திரை, மூன்று நாள், ஆறு வேளை. ஐந்தாம் நாள் பள்ளியில் இருந்தேன். வாசலிலேயே 'போலே, போலே சானா' என்று ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். பட்ட துன்பத்துக்கு அவர்கள் சொல்லும் ஆறுதல் சொல் அது. மறைக்கல்வி அறையில் எனக்காக ஜெபமாலை சொன்னார்களாம். கணக்கு ஆசிரியர் துஆ செய்தாராம். பத்து வருடத்தில் முதல் தடவையாக, கடவுள் என்னைக் காப்பாற்றினார் என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுதேன்கூட.

அதே வாரம் என் வகுப்பில் இரண்டாம் வரிசைப் பெண் ஒருத்திக்கும் மலேரியா. அவள் மருந்தகத்துக்கு ஒன்றரை மணி நேரம் நடந்து போனாள். முதல் நாள் மாத்திரை இல்லை. மறுபடி போனாள். அவளுக்கும் அதே மாத்திரைதான், அதே ஆறு வேளை. வகுப்புக்கு வர 16 நாள் ஆயிற்று. அதற்குள் பருவத்தேர்வு முடிந்திருந்தது. அவளும் "கடவுள் பெரியவர்" என்றுதான் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்றால் எனக்கு ஏன் கார்? கணக்கு ஆசிரியரிடமே போனேன், வேறு யாரிடம் போவது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னார்: "காரை அனுப்பியது கடவுள் இல்லை, உங்கள் ஆபீஸ். குணமானதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள். காருக்கு ஆபீஸுக்குக் கடிதம் எழுதுங்கள்."

அதன்பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், உங்களுக்கும் இதைச் சொல்வேன். நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். அன்று நல்லபடியாக நடந்த எதையும், "அதிர்ஷ்டம்", "கடவுள் புண்ணியம்" என்று வாயில் வருகிற எதையும், இடது பக்கம் எழுதுங்கள். அதில் யாரோ செய்த ஏற்பாடு எவ்வளவு, யார் பணம், எந்தப் பாஸ்போர்ட் என்று வலது பக்கம் எழுதுங்கள். வலது பக்கம் நிறைந்துவிடும். சில நாள் இடது பக்கத்தில் ஏதோ ஒன்று மிஞ்சும், எதற்கும் கணக்குக் காட்ட முடியாமல். என்னிடம் 140 பக்கம் இருக்கிறது. மிஞ்சியவை பதினொன்று. மறுபடி வழிபாட்டுக்குப் போகிறேனா என்று கேட்பவர்களிடம் அந்தப் பதினொன்றைப் பற்றிச் சொல்கிறேன், அதற்குமேல் எனக்கும் தெரியாது.

சில்லறை விஷயங்கள்

பணம். மேல்நிலைப் பள்ளியின் முதல் நான்கு வருடத்துக்கு 2016லிருந்து அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால் சீருடை, நோட்டு, செருப்பு எல்லாம் வீட்டுச் செலவு. ஒரு பெண்ணுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் ஐந்து பேர் வெறுங்காலோடு என் அறை வாசலில். அவர்களில் இரண்டு பேருடைய செருப்பு புதர் மறைவில் இருந்ததைப் பிறகு பார்த்தேன், அந்தப் புத்திசாலித்தனத்துக்கு மதிப்பெண் போடத் தோன்றியது. கொடுப்பதாக இருந்தால் தலைமையாசிரியர் வழியாக, பெயர் சொல்லாமல்.

பிரம்பு. அங்கே பள்ளியில் அடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. முதல் மாதமே எதிர்த்துப் பேசிப் பயனில்லை. என் வகுப்பிலிருந்து யாரையும் அடி வாங்க அனுப்பமாட்டேன் என்று தலைமையாசிரியரிடம் தனியாகச் சொன்னேன், அவர் ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பக்கத்து வகுப்பின் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்.

போட்டோ. உங்கள் குழந்தையின் பள்ளியில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து எடுத்தால் விடுவீர்களா, அந்த அளவுகோல் போதும்.

திரும்பி வந்த பிறகு

எல்லோரும் கேட்பார்கள், இரண்டு நிமிடத்தில் பதில் எதிர்பார்ப்பார்கள். வறுமைக் கதை ஒன்றைச் சொன்னால் உங்களைப் புனிதராக்கிவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள். நான் 'சா ம்பிலி' கதையைச் சொல்கிறேன். அதில் முட்டாள் நான்தான், அதனால் பாதுகாப்பு.

அந்தக் கடிதத்தை எழுதினேன். காருக்கு நன்றி சொல்லி, அந்தக் கார் மாதத்தில் சில நாள் மாணவர்களை மருந்தகத்துக்குக் கொண்டுபோக முடியுமா, பள்ளியில் பரிசோதனைக் கருவியும் மாத்திரையும் வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வாகனமும் மருத்துவ வசதியும் தன்னார்வலர்களுக்கு மட்டுமே, புரிந்துகொள்ளவும் என்று. அதைப் படம் பிடித்துக் கணக்கு ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்கே அப்போது சா நானே, அதாவது எட்டாம் மணி, நம் கணக்கில் மதியம் இரண்டு. உடனே பதில் வந்தது:

"போலே, மேடம். இன்னொன்று எழுதுங்கள்."

போன வாரம் நான்காவதை அனுப்பியிருக்கிறேன்.